எண்ணத்தோடு ஒட்டாமல் இருக்க: குறிப்பதா, ‘யாருக்கு?’ என்று கேட்பதா, நாமம் சொல்வதா?

தியானத்துக்கு உட்காருகிறவர்கள் அதிகம் சொல்லும் குறை, எண்ணம் ஓயவில்லை என்பது. ஓயாமல் வருவதைக்கூடச் சமாளித்துவிடலாம். வந்த எண்ணம் ‘நான்’ ஆகிவிடுவதுதான் பாடாய்ப் படுத்துகிறது. ‘நேற்று எல்லார் முன்னாலும் சித்தப்பா என்னை அப்படிப் பேசியிருக்கக் கூடாது’ என்று உள்ளே ஒரு வாக்கியம் எழுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குத் துணையாக இன்னொன்று வருகிறது. ஐந்து நிமிடம் கழித்துச் சுதாரிக்கும்போது, மனசுக்குள் சித்தப்பாவுக்குப் பதில் சொல்லி முடித்து, அவர் வாயடைத்து நிற்பதையும் பார்த்தாகிவிட்டது. தாடை இறுகியிருக்கிறது. மூச்சு மேலோட்டமாகிவிட்டது. அந்த ஐந்து நிமிடமும் எண்ணத்தைப் பார்க்க உள்ளே யாருமே இல்லை. எண்ணமாகவே இருந்திருக்கிறோம்.

இந்த ஒட்டுதலைத் தளர்த்தப் பல வழிகள் உண்டு. அவற்றில் மூன்றை இங்கே ஒப்பிடுகிறோம்: பர்மாவின் பௌத்தத் துறவி மகாசி சயாடோ கற்பித்த குறித்தல், ரமண மகரிஷி காட்டிய ஆத்ம விசாரம், நம் வீடுகளில் வழிவழியாக இருக்கும் நாமஜபம். வேலை, குடும்பம் என்று இருப்பவர், தினம் அரை மணி நேரம் ஒதுக்க முடிகிறவர், எதிலிருந்து தொடங்கலாம் என்பதுதான் கேள்வி. மூன்றுக்கும் அந்தச் சித்தப்பா வாக்கியத்தையே கொடுத்துப் பார்ப்போம்.

குறித்தல்

மகாசி சயாடோ (1904–1982) ரங்கூனில் 1949 முதல் கற்பித்த முறை இது. கவனத்துக்கு வீடு, வயிறு. மூச்சு உள்ளே போகும்போது வயிறு எழுவதை ‘எழுகிறது’ என்றும், வெளியேறும்போது தணிவதை ‘தணிகிறது’ என்றும் மனசுக்குள் மெல்லக் குறித்துக்கொண்டு இருக்க வேண்டும். மூச்சை நீட்டவோ நிறுத்தவோ கூடாது. எண்ணம் வந்தது தெரிந்த கணத்தில் வயிற்றை விட்டுவிட்டு, ‘நினைப்பு, நினைப்பு’ என்று அதைக் குறிக்க வேண்டும். அது மங்கியதும் மறுபடி வயிறு.

சித்தப்பா வாக்கியம் இங்கே என்ன ஆகிறது? ‘சித்தப்பா’ என்று குறிக்கக் கூடாது. அப்படிக் குறித்தால் கதை தொடரும். வாதாடிக்கொண்டிருந்தால் ‘வாதம்’, அவர் முகம் தெரிந்தால் ‘காட்சி’, நாளைக்கு என்ன சொல்லலாம் என்று போனால் ‘திட்டம்’. எண்ணத்தின் பொருளை விட்டு அதன் வகையைச் சொல்கிறோம். வகையைச் சொல்வதற்கு அரை அடியாவது விலகி நின்றாக வேண்டும்; விடுபடுதல் அந்த அரை அடியில்தான் நடக்கிறது. நினைப்பு, காட்சி, திட்டம், வாதம், நினைவு என்று ஐந்து பெயர் போதும். இருபது பெயர் வைத்துக்கொண்டு ‘இது எதில் சேரும்?’ என்று யோசிக்க ஆரம்பித்தால் அதுவே அடுத்த எண்ணம்.

குறித்த பிறகும் அதே எண்ணம் மூன்று, நான்கு முறை திரும்பினால் அடியில் ஓர் உணர்ச்சி பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அப்போது உடம்புக்கு இறங்க வேண்டும். தாடையில் ‘இறுக்கம்’, மார்பில் ‘சூடு’, வயிற்றில் ‘கனம்’. சித்தப்பா மேலுள்ள கோபம் உடம்பில் எங்கே இருக்கிறதோ அங்கே கவனம் நின்றால், மேலே ஓடும் வாக்கியத்துக்குத் தீனி குறைகிறது.

தவறுவது எங்கே என்பதும் இந்த முறையில் நன்றாகத் தெரிந்த விஷயம். குறிக்கும் சொல் அதட்டலாக மாறுவது முதல் தவறு. ‘நினைப்பு!’ என்று விரட்டுகிறவர் எண்ணத்தோடு சண்டையில் இருக்கிறார், சண்டையும் ஒட்டுதல்தான். சொல்லின் தொனியைக் கவனித்தாலே இது பிடிபடும். அடுத்தது, சொல்லை மட்டும் சொல்லிக்கொண்டு பார்க்க வேண்டியதை விட்டுவிடுவது. கவனத்தில் பெரும்பங்கு நடப்பதைப் பார்க்க வேண்டும், சொல் அதன் ஓரத்தில் ஒட்டியிருந்தால் போதும். சிலருக்கு வயிற்றைக் கவனித்ததும் மூச்சே செயற்கையாகிவிடும். அவர்கள் வயிற்றை விட்டு ‘உட்கார்ந்திருத்தல், தொடுதல்’ என்று, உடம்பு தரையில் படும் இடத்தைக் குறிக்கலாம். இந்த மாற்று ஏற்பாடு முறைக்குள்ளேயே இருப்பதுதான்.

தூக்கம் வந்தால் எழுந்து நடக்க வேண்டும். பத்து அடி நீளம் போதும். முதலில் ‘இடது, வலது’, பிறகு ‘தூக்கு, நீட்டு, வை’. மகாசி மையங்களில் ஒரு மணி நேரம் உட்கார்வதும் ஒரு மணி நேரம் நடப்பதும் மாறி மாறி வருவது இதற்காகத்தான். வீட்டில் பத்து நிமிடம் நடந்துவிட்டு இருபது நிமிடம் உட்கார்ந்தாலும் பலன் தெரியும். நடையை ஏதோ ஓய்வு நேரம்போல நினைத்துத் தவிர்க்கிறவர்கள்தான் உட்காரும்போது அதிகம் தூங்குகிறார்கள்.

கொஞ்ச காலம் போனால் நுட்பமான ஒரு தவறு முளைக்கும். ‘நான் நன்றாகக் கவனிக்கிறேன்’ என்று கவனிப்பவர் ஒரு புது ஆளாக உட்கார்ந்துகொள்வார். எண்ணங்களிலிருந்து விலகி, ‘விலகியவன்’ என்ற எண்ணத்தோடு ஒட்டிக்கொள்வது இது. மகாசி முறையில் இதற்கும் அதே மருந்து: அதையும் ‘நினைப்பு’ என்றே குறிக்க வேண்டும். ஆத்ம விசாரம் நேரே கை வைப்பதோ இந்த ஆளின் மேல்தான்.

ஆத்ம விசாரம்

1896-இல் திருவண்ணாமலை வந்து சேர்ந்த ரமணரிடம், சில ஆண்டுகள் கழித்து, தென்னார்க்காட்டில் அரசாங்க வேலையில் இருந்த சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளும் அவற்றுக்கு ரமணர் எழுத்தில் தந்த பதில்களும்தான் பின்னால் ‘நானார்?’ என்ற சிறு நூலாயின. வழிமுறை அதில் சில வரிகளுக்குள் அடங்கிவிடுகிறது. எண்ணம் எழுந்ததும் அதைப் பூர்த்திசெய்ய முயலக் கூடாது. ‘இது யாருக்கு உண்டாயிற்று?’ என்று கேட்க வேண்டும். ‘எனக்கு’ என்று தோன்றும். ‘அந்த நான் யார்?’ என்று திரும்பினால், மனம் தான் கிளம்பிய இடத்துக்குத் திரும்பும்; எழுந்த எண்ணமும் அடங்கும்.

சித்தப்பா வாக்கியத்துக்கு இதைப் பொருத்துவோம். குறித்தலில் வாக்கியத்துக்கு ஒரு வகைப்பெயர் கொடுத்தோம். இங்கே வாக்கியத்தைத் தொடுவதே இல்லை. ‘என்னை அப்படிப் பேசியிருக்கக் கூடாது’ என்பதில் எல்லாப் பாரமும் ‘என்னை’ என்பதில் இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது, ஒருவர் சில சொற்களைச் சொன்னார் என்ற செய்தி மட்டுமே. விசாரம் அந்த ‘என்னை’யின் பக்கம் கவனத்தைத் திருப்புகிறது. பேச்சு வாங்கிய அந்த ‘நான்’ இப்போது எங்கே, எப்படித் தெரிகிறது? அந்த இருப்புணர்வைப் பிடித்துக்கொண்டு சும்மா இருப்பதுதான் பயிற்சி. சில நொடிதான் நிற்கும். அடுத்த எண்ணம் வரும், மறுபடி ‘யாருக்கு?’. எத்தனை எண்ணம் வந்தாலும் அத்தனை முறையும் இதுவே வேலை.

கேள்வியின் வேலை கவனத்தைத் திருப்புவது. திரும்பியதும் கேள்வி விழுந்துவிட வேண்டும். இதை மறப்பதால் மூன்று விதமாகக் கெட்டுப்போகிறது. ‘நான் யார், நான் யார்’ என்று மந்திரம்போல ஓட்டுகிறவர்கள் உண்டு. ‘நான் ஆன்மா’, ‘சிவோஹம்’ என்று படித்த பதிலைச் சொல்லிக்கொள்கிறவர்கள் உண்டு; அந்தப் பதிலும் யாருக்கோ உண்டான எண்ணம்தான். இன்னும் சிலர் நெற்றியைச் சுருக்கி, விழியை மேலே செருகி, உடம்புக்குள் ஓர் இடத்தைத் தேடித் தலைவலியோடு எழுவார்கள். கண், நெற்றி, தாடை மூன்றையும் முதலிலேயே தளர்த்திவிட்டு, தேடும் முனைப்பைப் பாதியாகக் குறைத்தால் தலைவலி வராது. கேள்வியே பிடிபடாதவர்களுக்கும் ரமணர் ஒரு படி வைத்திருக்கிறார்: இடைவிடாமல் ‘நான், நான்’ என்று கருதிக்கொண்டிருந்தாலும் அது அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்கிறார்.

இவற்றைவிட ஆபத்தான தவறு ஒன்று உண்டு, அது தவறு மாதிரியே தெரியாது. எண்ணம் எல்லாம் நின்று, இதமான ஒரு வெறுமையில் இருபது நிமிடம் போய்விடும். எழுந்ததும் ‘ஆழ்ந்த தியானம்’ என்று தோன்றும். ரமணரின் ‘உபதேச உந்தியார்’ என்ற நூல் மன ஒடுக்கத்தை இரண்டாகப் பிரிப்பது இந்த இடத்தில் உதவும். லயத்தில் மனம் தற்காலிகமாக மறைந்து மறுபடி எழுகிறது. நாசத்தில் அது எழுவதில்லை. மூச்சை அடக்கி வரும் அமைதியும் லயத்தைச் சேர்ந்ததுதான், மூச்சு வெளிப்பட்டதும் மனமும் வெளிப்படும் என்பது ரமணர் கருத்து. வந்தது லயமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அந்த வெறுமையில் ‘இருக்கிறேன்’ என்ற தெளிவு இருந்ததா, இல்லை, நேரம் போனதே தெரியாமல் மப்பாக இருந்ததா என்று பாருங்கள். மப்பாக இருந்திருந்தால் அது அரைத் தூக்கம். மருந்து, அந்த வெறுமை வரும்போதே ‘இது யாருக்குத் தெரிகிறது?’ என்று கேட்பது, முதுகை நிமிர்த்துவது, தேவைப்பட்டால் எழுந்து நடப்பது.

விசாரத்தைத் தப்பித்துக்கொள்ளப் பயன்படுத்துவதும் நடக்கிறது. கட்ட வேண்டிய கடனுக்கும் கேட்க வேண்டிய மன்னிப்புக்கும் ‘இது யாருக்கு?’ என்று கேட்டு நகர்ந்துவிடக் கூடாது. கடனைக் கட்டிவிட்டு, கடன்பட்டவன் யார் என்று விசாரிக்கலாம்.

நாமஜபம்

மனசுக்குள் ஓடும் எண்ணங்களில் கணிசமான பங்கு பேச்சு. உள்ளே பேசும் வாய் ஒன்றுதான். அங்கே நாமம் ஓடினால் சித்தப்பாவுக்குப் பதில் சொல்ல இடம் குறைகிறது. நாமஜபம் எளிதாகப் பலிப்பதற்கு இதுதான் காரணம். காட்சியாக வரும் எண்ணத்தின் மேல் அதன் பிடி தளர்வு. நாமம் ஒருபுறம் ஓட, சித்தப்பா முகம் மறுபுறம் தெரிந்துகொண்டே இருக்கும்.

‘நமசிவாய’ என்பதையோ ‘ராம’ என்பதையோ நிதானமாக, ஒன்றுக்கு 2 நொடி வீதம் சொன்னால் 108 உருவுக்கு, அதாவது ஜபமாலை ஒரு சுற்றுக்கு, 4 நிமிடம்கூட ஆகாது. முதல் மாலை வாய்விட்டு, இரண்டாவது உதடு மட்டும் அசைய, மூன்றாவது மனசுக்குள் என்று இறங்குவது நல்ல ஒழுங்கு. மனசுக்குள் சொல்லும்போது நாமம் நழுவிப்போனால் அங்கேயே போராட வேண்டாம், ஒரு மாலை வாய்விட்டுச் சொல்லிவிட்டு மறுபடி இறங்கலாம். நாமத்தை மாற்றிக்கொண்டே இருந்தால் எதுவும் ஊன்றாது.

நாக்கு ஒருபுறம், மனம் ஒருபுறம் என்று ஆகிவிடுவது இதன் பழைய நோய். எண்ணிக்கையில் குறியாக இருந்தால் சீக்கிரம் வரும். சொல்வதை விட்டுக் கேட்பதற்கு மாறுவதுதான் வைத்தியம். 1907 நவம்பர் 18 அன்று, மந்திர ஜபத்தில் ஊறியவரான காவ்யகண்ட கணபதி முனி, தவம் என்றால் என்ன என்று கேட்டபோது ரமணர் சொன்னதும் இதுதான்: மந்திரத்தைச் சொல்லும்போது அதன் ஒலி எங்கிருந்து கிளம்புகிறது என்று கவனித்தால் மனம் அங்கே ஒடுங்கும், அதுவே தவம். அப்படிக் கேட்கும்போது ஜபம் விசாரத்தின் வாசலுக்கே வந்துவிடுகிறது.

கேட்காமல் சொல்லிக்கொண்டு மட்டும் இருந்தால் எண்ணம் விலக்கப்படுகிறது, பார்க்கப்படுவதில்லை. மாலையைக் கீழே வைத்ததும் சித்தப்பா திரும்பி வந்துவிடுவார். ஆனாலும் கொந்தளிப்பில் இருக்கும் மனசுக்கு முதல் உதவி இதுதான் என்பதில் சந்தேகமில்லை. ஓயாமல் அசையும் யானையின் துதிக்கையில் ஒரு சங்கிலியைக் கொடுத்தால் வேறொன்றையும் பற்றாமல் அதைப் பற்றிக்கொண்டே போகும் என்று ரமணர் ஜபத்துக்கும் தியானத்துக்கும் சொன்ன உவமை, அதன் பயனையும் எல்லையையும் சேர்த்தே காட்டுகிறது.

மற்ற சில வழிகள்

கோயங்கா கற்பித்த விபாசனா என்ற தியான முறை எண்ணங்களைக் கவனப் பொருளாகவே எடுப்பதில்லை. உடம்பில் எழும் உணர்வுகளை மட்டும் சமநிலையோடு பார்க்கச் சொல்கிறது. கற்க 10 நாள் மௌன முகாம் கட்டாயம், நாள் காலை 4 மணிக்குத் தொடங்கும். எண்ணம் வந்தால் உடம்பே பற்றிக்கொள்கிறவர்களுக்கு இது நன்றாகப் பொருந்தும். 10 நாள் ஒதுக்க முடியாதவர்களுக்கு இது முதல் படியாக இருக்க வழியில்லை.

வேதாத்திரி மகரிஷியின் அகத்தாய்வு என்ற தற்சோதனைப் பயிற்சியில் முதலில் வரும் எண்ணம் ஆராய்தல் நேர் எதிர்த்திசை. எண்ணத்தின் பொருளுக்குள் போய், அது தேவையால் வந்ததா, பழக்கத்தால் வந்ததா, சூழ்நிலைக் கட்டாயமா, பிறர் தூண்டுதலா என்று காகிதத்தில் எழுதி அலசுவது. ஒரே எண்ணம் வாரக்கணக்கில் வருகிறதென்றால் அதில் செய்து முடிக்காத வேலை ஏதோ இருக்கிறது. அதற்கு இதுதான் ஏற்றது. ஆனால் தியானத்துக்கு வெளியே, பகலில் செய்ய வேண்டியது. உட்கார்ந்த இடத்தில் ஆராய ஆரம்பித்தால் ஆராய்ச்சியோடு ஒட்டிக்கொள்வோம்.

அமெரிக்க உளவியலாளர் ஸ்டீவன் ஹேய்ஸ் வளர்த்த சிகிச்சை முறையிலும் ஓர் எளிய கருவி இருக்கிறது. ‘நான் உருப்படமாட்டேன்’ என்ற வாக்கியத்தை, ‘நான் உருப்படமாட்டேன் என்ற எண்ணம் எனக்கு இப்போது வருகிறது’ என்று முழுசாகச் சொல்லிப் பார்ப்பது. வருடக்கணக்காகக் கூடவே வரும் ஒற்றை வாக்கியம் இருப்பவர்களுக்கு, பஸ்ஸில் நின்றுகொண்டுகூடச் செய்யலாம் என்பதால் உதவும். ‘நான்’ யார் என்ற கேள்விக்கு அது போவதில்லை, போகும் நோக்கமும் அதற்கு இல்லை.

எதை முதலில் எடுப்பது

எந்த முறை உயர்ந்தது என்று கேட்பதைவிட, எந்த முறையில் தவறினால் நமக்கே தெரியும் என்று கேட்பது நல்லது. குறித்தலில் தவறினால் உடனே தெரிகிறது: ‘எழுகிறது, தணிகிறது’ விட்டுப்போய் சித்தப்பாவோடு பேசிக்கொண்டிருந்தோம் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. ஜபத்திலும் ஓரளவு தெரிகிறது. விசாரத்தில் செய்யும் தவறுகளோ வெற்றி மாதிரியே தோற்றம் தருகின்றன. மந்திரமாகிவிட்ட கேள்வி, படித்த பதில், லயம் மூன்றும் உள்ளே இருப்பவருக்கு முன்னேற்றமாகவே படும். பக்கத்தில் இருந்து திருத்த ஆள் இல்லாதவர், முதல் சில மாதம் குறித்தலில் பழகிவிட்டு விசாரத்துக்கு வருவதுதான் சரி என்பது என் முடிவு. ரமணர் மேல் பற்று உள்ளவர்களுக்கு இது சுற்றுவழியாகத் தோன்றலாம். ஆனால் எண்ணம் எழுந்ததையே அடையாளம் காண முடியாதவர் அது யாருக்கு என்று எப்போது கேட்பது?

இதற்கு விலக்கும் உண்டு. வயிற்றைக் கவனித்தாலே படபடப்பு வருகிறவர்களும், துக்க வீட்டில் இருப்பதுபோல் மனம் கனத்துக் கிடக்கிறவர்களும் நாமத்தில் தொடங்க வேண்டும், அதுவும் வாய்விட்டு. படித்த நூல் ஏதும் இல்லாமலேயே ‘இதையெல்லாம் அனுபவிக்கிற இந்த நான் என்பது என்ன?’ என்ற கேள்வி தானாக எழுந்து யாரை விடாமல் பிடித்துக்கொண்டதோ அவர்கள் நேரே விசாரத்துக்கே போகலாம். அவர்களிடம் போய் வயிற்றைக் கவனிக்கச் சொல்வது வீண் வேலை.

தன் மனம் எந்த வகை என்று தெரியாவிட்டால், மூன்று நாள் 20 நிமிடம் சும்மா உட்கார்ந்துவிட்டு, எழுந்ததும் ஒரு வரி எழுதுங்கள்: இன்று எண்ணம் பேச்சாக வந்ததா, காட்சியாக வந்ததா, உடம்பில் அழுத்தமாக வந்ததா, தூக்கமாக வந்ததா? பேச்சு என்றால் நாமம் சீக்கிரம் பிடிக்கும். காட்சி, அழுத்தம் என்றால் குறித்தல். தூக்கம் என்றால் எதைத் தொடங்குவதாக இருந்தாலும் நடையோடு தொடங்குங்கள்.

அரை மணி நேரத்தை இப்படிப் பிரிக்கலாம்: ஒரு மாலை நாமம், 4 நிமிடம், மீதி முழுக்கக் குறித்தல். ஆறு வாரம் எதையும் மாற்ற வேண்டாம். சலிப்பு வந்ததும் முறையை மாற்றுவது, சலிப்பு என்ற எண்ணம் சொன்னபடி ஆடுவதுதான். ‘சலிப்பு’ என்று குறித்துவிட்டு அங்கேயே இருக்க வேண்டும். குறிப்பு தானாக ஓட ஆரம்பித்து, சொல்கூட அதிகப்படியாகத் தோன்றும் கட்டம் வரும். ‘கவனிக்கிறவன்’ ஒரு புது ஆளாகத் தெரிய ஆரம்பிப்பதும் அப்போதுதான். விசாரத்துக்கு அதுவே இயல்பான நுழைவிடம்: ‘நினைப்பு’ என்ற சொல்லை விட்டுவிட்டு, அந்த இடத்தில் ‘யாருக்கு?’ என்பதை வைக்கலாம்.

முன்னேற்றத்தை எண்ணங்களின் எண்ணிக்கையால் அளக்கக் கூடாது. பயிற்சி கூடும்போது முன்பு கண்ணில் படாத எண்ணங்களும் படுவதால், அதிகமாகிவிட்டதுபோலவே இருக்கும். பார்க்க வேண்டியது வேறு: சித்தப்பாவோடு ஐந்து நிமிடம் போனது இரண்டு நிமிடத்தில் தெரிய வருகிறதா, பதில் வாக்கியத்தைப் பாதியிலேயே விட்டுவிட முடிகிறதா, அவரை அடுத்த முறை நேரில் பார்க்கும்போது தாடை இறுகுவது இறுகும்போதே தெரிகிறதா.

எப்போது நிறுத்த வேண்டும்

எண்ணத்திலிருந்து விலகுவதும் வாழ்க்கையிலிருந்து அற்றுப்போவதும் வேறு வேறு. விலகியவருக்குக் குழந்தையின் சிரிப்பு முன்பைவிடத் தெளிவாகக் கேட்கும். மாறாக, சுற்றியுள்ளது எல்லாம் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதுபோல், கை கால் தன்னுடையது இல்லாததுபோல், பாசமே மரத்துப்போனதுபோல் நாள்கணக்கில் நீடித்தால் அது ஞானத்தின் அறிகுறி இல்லை. உட்கார்வதை நிறுத்திவிட்டு, நேரத்துக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, வெயிலில் நடந்து, கைவேலை செய்ய வேண்டும். அப்போதும் குறையாவிட்டால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கடும் மனச்சோர்வு, பழைய அதிர்ச்சியின் நினைவுகள், காதில் குரல் கேட்பது, மனம் அளவுக்கு மீறிப் பொங்குவது ஆகியவற்றுக்குச் சிகிச்சையில் இருப்பவர்கள் நீண்ட மௌன முகாம்களுக்கு மருத்துவரைக் கேட்காமல் போகக் கூடாது. தியானத்தை நம்பி மாத்திரையை நிறுத்தவும் கூடாது. அவர்களுக்கு 10 நிமிட நடையும், கண்ணைத் திறந்துகொண்டு வாய்விட்டுச் சொல்லும் நாமமும் போதும். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அதை ‘வெறும் எண்ணம்’ என்று குறித்துக்கொண்டு தனியே உட்கார்ந்திருக்க வேண்டாம். பக்கத்தில் இருப்பவரிடம் உடனே சொல்லுங்கள். இந்தியாவில் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.